ஆப்ப சோடா மருந்தாகும்போது: எவ்வளவு, எதற்கு, யாருக்குக் கூடாது?

சுகாதாரத் தன்னார்வலர், திருத்துறைப்பூண்டி

நெஞ்சு கரிச்சாலும் வயிறு உப்பினாலும் இந்தப் பக்கத்து வீடுகள்ல முதல்ல கை போறது அடுப்படியில இருக்கிற ஆப்ப சோடாவுக்குத்தான். அளவு மட்டும் வீட்டுக்கு வீடு மாறுது. ஒரு இடத்துல சிட்டிகை, இன்னொரு இடத்துல குவிச்ச ஸ்பூன். இதே சோடியம் பைகார்பனேட்டைத்தான் சிறுநீரக நோயாளிக்கு மாத்திரையா எழுதித் தர்றாங்க, டயாலிசிஸ்ல கலக்குறாங்க, அவசரப் பிரிவுல ஊசியா ஏத்துறாங்க. வீடு வீடாப் போறவங்க கையில வெச்சுக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதணும். "கொஞ்சமா எடுங்க"ன்னு எழுதினா யாருக்கும் பயன் இல்லை. கிராம் கணக்கு வேணும், யாருக்குக் கூடாதுன்னு தெளிவா வேணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மருந்தாளுநர், கும்பகோணம்

முதல்ல பொருள் எதுன்னு உறுதி பண்ணிக்கணும். மளிகைக் கடையில "சோடா கொடுங்க"ன்னு கேட்டா, தாளில் மடிச்சுத் தர்றது ஆப்ப சோடாவாவும் இருக்கலாம், சலவை சோடாவாவும் இருக்கலாம். ரெண்டும் வெள்ளைத் தூள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆப்ப சோடாக் கரைசலோட பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8 சொச்சம். சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், 11-க்கு மேல. அதைக் குடிச்சா வாயும் உணவுக்குழாயும் புண்ணாயிடும். காஸ்டிக் சோடாவைப் பத்திச் சொல்லவே வேண்டாம், அது திசுவையே கரைச்சுடும். பேக்கிங் பவுடரும் வேற பொருள். அதுல சோடாவோட அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். பெயர் எழுதாத டப்பாவுல இருக்கிற எந்தத் தூளையும் வாயில போடக்கூடாது.

இனி கணக்கு. ஒரு கிராம் சோடியம் பைகார்பனேட்டில் 274 மில்லிகிராம் சோடியம். கார அளவு ஏறக்குறைய 12 மில்லி ஈக்விவலன்ட் (எவ்வளவு அமிலத்தை முறிக்கும்னு சொல்ற அலகு, இனி மி.ஈ. என்றே எழுதுறேன்). தலை தட்டின ஒரு டீஸ்பூன் கிட்டத்தட்ட 4.6 முதல் 5 கிராம். குவிச்சு எடுத்தா அதுக்கு ஒன்றரை மடங்கு, சில சமயம் ரெண்டு மடங்கு. சாம்பார் கரண்டி கணக்கே இங்க வரக்கூடாது.

ஆரோக்கியமான பெரியவருக்கு எப்பவாவது வர்ற நெஞ்செரிச்சலுக்கு: தலை தட்டின அரை டீஸ்பூன், அரை டம்ளர், அதாவது 120 மில்லி ஆறின தண்ணீர், கலக்கித் தூள் முழுசாக் கரைஞ்ச பிறகு மெதுவாக் குடிக்கணும். அடுத்த வேளை ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி வேண்டாம். அமெரிக்கப் பாக்கெட் லேபிள்ல 24 மணி நேரத்துக்கு அரை ஸ்பூனா ஏழு தடவை வரை, 60 வயசுக்கு மேல மூணு தடவை வரைன்னு போட்டிருக்கும். அந்த ஏழுல மட்டும் 4 கிராமுக்கு மேல சோடியம் போகுது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்க எல்லாச் சாப்பாட்டுலேயும் சேர்த்து 2 கிராம் சோடியத்துக்குக் கீழ இருக்கணும்னு சொல்லுது. அதனால உங்க குறிப்புல "ஒரு நாளைக்கு ரெண்டு வேளைக்கு மேல வேண்டாம், ரெண்டு நாளுக்கு மேல தேவைப்பட்டா டாக்டர்கிட்ட போங்க"ன்னே எழுதுங்க. லேபிளை விட இறுக்கமா இருக்கட்டும், தப்பில்லை.

பழ உப்புப் பொட்டலமும் இதுல அடக்கம். 5 கிராம் பொட்டலத்துல கிட்டத்தட்ட பாதி சோடாதான், மீதி சிட்ரிக் அமிலம். பொங்கி வழியுறதால லேசான பானம்னு நினைக்கிறாங்க. வாயு வெளியே போனாலும் சோடியம் அத்தனையும் டம்ளருக்குள்ளேயே இருக்கு.

வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி

வயிற்றில் நடப்பதைச் சொல்கிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடாவும் சேர்ந்தால் உப்பு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு. அரை டீஸ்பூன் முழுவதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் உடல் வெப்பத்தில் முக்கால் லிட்டர் வரை வாயு வரலாம். வழக்கமாக அது ஒரே நொடியில் வராது. மெல்ல வரும், ஏப்பமாகப் போகும். கல்யாணப் பந்தியில் இலை நிறையச் சாப்பிட்டுத் தண்ணீரும் குடித்து வயிறு ஏற்கெனவே இழுபட்டிருக்கும்போது குவித்த ஸ்பூன் சோடா உள்ளே போனால், வாயு வெளியேற வழியில்லாமல் இரைப்பைச் சுவர் கிழிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. "வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே சோடா குடிக்காதீர்கள்" என்பதைக் குறிப்பின் முதல் வரியாகப் போடலாம். செரிக்கவில்லை என்று சோடாவைத் தேடும் நேரமே அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு டீஸ்பூனில் 55 முதல் 60 மி.ஈ. காரம் இருக்கிறது. வயிற்றில் அந்த நேரத்தில் உள்ள அமிலம் அதைவிடக் குறைவு. மிஞ்சிய காரம் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. அலுமினியம், மெக்னீசியம் சேர்ந்த வழக்கமான ஆன்டாசிட் திரவத்துக்கும் சோடாவுக்கும் பெரிய வேறுபாடு இதுவே. அவை பெரும்பாலும் குடலோடு நிற்கும். சோடா உடல் முழுவதையும் தொடும்.

கொதிக்கும் தண்ணீரில் கரைக்க வேண்டாம். சூட்டில் கார்பன் டை ஆக்சைடு பறந்து, கரைசலில் சோடியம் கார்பனேட் கூடும்; காரம் கடுமையாகும். ஆறிய தண்ணீர் போதும்.

கோலி சோடாவும் ஆப்ப சோடாவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கோலி சோடா அழுத்தத்தில் வாயு ஏற்றிய தண்ணீர். அது லேசான அமிலம், அமிலத்தைத் தணிக்காது.

அவசரப் பிரிவு மருத்துவர், திருவாரூர்

அளவைவிட முக்கியமான ஒன்றைச் சேர்க்க வேண்டும். "வாய்வு பிடிச்சிருக்கு" என்று சோடா குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்துப் பார்ப்பதுதான் இந்தத் தூளால் வரும் மிகப் பெரிய சேதம். இதயத்தின் அடிப்பகுதித் தசைக்கு ரத்தம் நிற்கும்போது வலி மேல்வயிற்றில் வரும். குமட்டல், ஏப்பம், வியர்வை கூடவே வரும். ஏப்பம் விட்டதும் சற்று தேவலாம் போல இருக்கும், அது எதையும் நிரூபிக்காது. 40 வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, புகை பிடிப்பவர் யாருக்காவது நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ பாரம் போல் அழுத்தி, தாடை, இடது கை, முதுகு என்று பரவினால், மூச்சு வாங்கினால், சில்லென்று வியர்த்தால், சோடாவைக் கலக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் செரிமானக் கோளாறு போலவும் வரலாம்.

இரண்டாவது, கழிவறை ஆசிட்டையோ பூச்சிமருந்தையோ யாராவது விழுங்கிவிட்டால் சோடா கொடுத்து "முறிக்க" முயலக் கூடாது. ஆசிட்டோடு சோடா சேர்ந்தால் வாயு பொங்கி வரும். ஏற்கெனவே வெந்துபோன சுவர் அதைத் தாங்காது. வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். பூச்சிமருந்து டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை வேகமாகும். கண்ணில் ஏதாவது தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுவதுதான் முதலுதவி, சோடாத் தண்ணீர் இல்லை.

நாள்தோறும் ஸ்பூன் ஸ்பூனாகக் குடிப்பவர் எப்படி வருவார் என்பதையும் சொல்கிறேன். தளர்ச்சி, கை கால் மரத்துப்போதல், விரல்கள் இழுத்துக்கொள்ளுதல், குழப்பம், சில நேரம் வலிப்பு. ரத்தத்தில் காரம் கூடினால் பொட்டாசியம் குறையும், வேலை செய்யும் கால்சியமும் குறையும். பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். பேதி மருந்தோ, நீர் பிரியும் மாத்திரையோ கூடவே எடுப்பவருக்கு இது சீக்கிரம் வரும்.

சுகாதாரத் தன்னார்வலர், திருத்துறைப்பூண்டி

நன்றி டாக்டர். நெஞ்சுவலிப் பகுதியை மேலேயே போட்டுடறேன். இன்னொன்னு. சிறுநீரக நோயாளிகள் சிலர் "மாத்திரையும் சோடாதான், டப்பாவுல இருக்கிறதும் சோடாதான், அப்புறம் எதுக்குக் காசு"ன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?

டயாலிசிஸ் செவிலியர், தஞ்சாவூர்

நியாயமான கேள்விதான், திட்டிப் பிரயோஜனம் இல்லை. மூலப்பொருள் ஒண்ணுதான். மாத்திரையில 500 மில்லிகிராம்னா 500-தான், அதாவது 6 மி.ஈ. ஸ்பூன்ல இன்னைக்கு 4 கிராம், நாளைக்கு 7 கிராம். சிறுநீரகம் நல்லா இருந்தா அந்த வித்தியாசத்தை அது சரிக்கட்டிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால முடியாது. கூடுதல் சோடியமும் தண்ணியும் உள்ளேயே தங்கி கால் வீங்கும், ராத்திரி படுத்தா மூச்சு முட்டும்.

அளவு எப்படி வைக்கிறாங்கன்னு சொல்றேன். ரத்தத்துல பைகார்பனேட் எவ்வளவுன்னு பார்த்துட்டு, பொதுவா ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.5 முதல் 1 மி.ஈ. 60 கிலோ உள்ளவருக்கு 0.5-ன்னு வெச்சா 30 மி.ஈ., அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை அஞ்சு, வேளைக்குப் பிரிச்சு. அதுல போற சோடியம் 685 மில்லிகிராம். சாதா உப்பு கணக்குல ஒண்ணே முக்கால் கிராம். சாப்பாட்டு உப்பைக் குறைக்காம மாத்திரையை மட்டும் கூட்டினா பிரஷர் பாடாப்படுத்தும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணையும் முதல்ல கேட்டு வைங்க.

ஆரம்பிச்ச பிறகு, அளவை மாத்தின பிறகு, சில வாரத்துக்குள்ள திரும்ப ரத்தம் பார்க்கணும். பைகார்பனேட், பொட்டாசியம், கால்சியம் மூணும். கால்சியம் ஏற்கெனவே குறைவா இருக்கிறவருக்குக் காரத்தை வேகமா ஏத்தினா கை இழுக்கும்.

அவசரப் பிரிவு மருத்துவர், திருவாரூர்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. எல்லா சிறுநீரக நோயாளிக்கும் இது தேவை என்ற எண்ணம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் வழிகாட்டுதல் 2012-ல் ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 மி.ஈ.-க்குக் கீழே போனால் மாத்திரை என்றது. 2024 பதிப்பு 18-க்குக் கீழே போகும் அளவுக்கு அமிலம் கூடாமல் தடுக்க மருந்தை யோசிக்கலாம் என்கிறது. இடையில் 2020-ல் பிரிட்டனில் வெளியான பைகார்ப் ஆய்வில் 60 வயதைத் தாண்டிய நோயாளிகளுக்கு மாத்திரையால் உடல் இயக்கத்தில் முன்னேற்றம் எதுவும் கிடைக்கவில்லை, பக்க விளைவுகள்தான் கூடின. அதற்கு முந்தைய சில ஆய்வுகள் சிறுநீரகம் கெடும் வேகம் குறைவதாகக் காட்டியிருந்தன. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்பதற்காகத் தானும் தொடங்கக் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இந்த முடிவை நிபுணரே எடுக்கட்டும்.

டயாலிசிஸ் செவிலியர், தஞ்சாவூர்

சரிதான் டாக்டர். டயாலிசிஸ் பக்கத்தையும் சொல்லிடறேன், தொழில்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு உதவும். மெஷினுக்கு ஏ, பி ரெண்டு கரைசல். ஏ-ல அமிலமும் கால்சியமும் மெக்னீசியமும். பி-ல பைகார்பனேட். ரெண்டையும் அடர்வா ஒண்ணாக் கலந்து வெச்சா கால்சியம் கார்பனேட் சுண்ணாம்பாப் படிஞ்சிடும், அதுக்குத்தான் தனித்தனி. பி தூளை ஆர்.ஓ. தண்ணியில கரைச்சா 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும், மீந்ததைக் கொட்டிடணும். பைகார்பனேட் கரைசல்ல பாக்டீரியா நல்லா வளரும். நேத்து மீந்ததோட இன்னைக்குப் புதுசை ஊத்திச் சேர்க்கவே கூடாது, கேனைக் கழுவிக் கிருமிநீக்கம் பண்ணணும். தூள் கரையுற வரைக்கும் கலக்கினாப் போதும். ரொம்ப நேரம் சுத்த விட்டா கார்பன் டை ஆக்சைடு பறந்து பி.எச். ஏறி, மெஷின் குழாயில படிவு கட்டும். கண்டக்டிவிட்டி, அதாவது கரைசல் மின்சாரம் கடத்துற அளவு, 14 பக்கம் காட்டுதுன்னு மட்டும் நம்பக்கூடாது, பி.எச். தனியாப் பார்க்கணும்.

வீட்டுலேயே வயித்து வழியாப் பண்ற டயாலிசிஸ் பைகள்ல பெரும்பாலும் பைகார்பனேட் இருக்காது, லாக்டேட் இருக்கும். கல்லீரல் அதைப் பைகார்பனேட்டா மாத்திக்கும். அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பை வாங்குறவங்க "இதுல சோடா இல்லையே"ன்னு தனியா வாங்கிக் குடிக்க வேண்டியதில்லை.

மருந்தாளுநர், கும்பகோணம்

மத்த மருந்தோட மோதலை விட்டுடக்கூடாது. இரும்புச் சத்து மாத்திரை, டாக்ஸிசைக்ளின், இட்ராகோனசோல் காப்ஸ்யூல் இதெல்லாம் சோடாவோட சேர்த்தா சரியா உறிஞ்சாது; ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். குடல்ல போய்க் கரையுற மாதிரி மேல்பூச்சு உள்ள ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் சோடாவால வயித்துலேயே உடைஞ்சிடும். லித்தியம் சாப்பிடுறவருக்குச் சோடா அந்த மருந்தைச் சிறுநீர்ல சீக்கிரம் வெளியேத்திடும், மனநோய் திரும்பும். சிறுநீர் எரிச்சலுக்கு நைட்ரோஃபுரான்டாயின் எழுதியிருந்தா சோடாவும் வேண்டாம், சிறுநீரைக் காரமாக்கும் சிரப்பும் வேண்டாம்; அந்த மருந்து அமிலச் சிறுநீர்லதான் நல்லா வேலை செய்யும்.

யூரிக் அமிலக் கல்லுக்குச் சிறுநீர் பி.எச். 6.5 முதல் 7 வரை வெச்சுக் கரைக்கிற வழி உண்டு. அதுக்கு இப்ப முதல் தேர்வு பொட்டாசியம் சிட்ரேட். சோடாவுல வர்ற சோடியம் சிறுநீர்ல கால்சியத்தைக் கூட்டும். பி.எச். 7-ஐத் தாண்டினா கால்சியம் பாஸ்பேட் கல் உருவாகும். ஒரு கல்லைக் கரைக்கப் போய் இன்னொண்ணை வளர்த்த கதையாயிடும்.

காதுக் குறும்பி இறுகிப்போனா 5 சதவீத சோடா சொட்டு மருந்து நல்ல வைத்தியம். 100 மில்லியில 5 கிராம் சோடாவும் 30 மில்லி கிளிசரினும். மூணு நாலு சொட்டு, நாளைக்கு மூணு நாலு தடவை, சாய்ஞ்சு படுத்து அஞ்சு நிமிஷம், அஞ்சு நாளுக்கு மேல வேண்டாம். சீழ் வடியுற காது, ஓட்டை விழுந்த செவிப்பறைன்னா தொடவே கூடாது. அடுப்படிச் சோடாவுல வீட்டுலேயே இதைத் தயாரிக்க வேண்டாம்.

பல் மருத்துவர், மயிலாடுதுறை

வாய்ப்புண்ணுக்கு, குறிப்பாகப் புற்றுநோய் மருந்தோ கதிர்வீச்சோ எடுப்பவர்களுக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சோடா. நாளைக்கு நான்கு ஐந்து முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்குங்கள். எரிச்சல் தராத, மலிவான, பயனுள்ள முறை.

சோடாவோடு எலுமிச்சைச் சாறு பிழிந்து பல் தேய்ப்பது மட்டும் வேண்டாம். கலவையில் எலுமிச்சை மிஞ்சினால் அமிலம் எனாமலை அரிக்கும்; சோடா மிஞ்சினால் எலுமிச்சையால் பயன் எதுவும் இல்லை.

இந்தப் பகுதியில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி வெற்றிலை பற்றியது. நாள் முழுவதும் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை போடுபவர், மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரை, அதோடு நெஞ்செரிச்சலுக்குச் சோடா என்று சேர்ந்தால் கால்சியமும் காரமும் ஒன்றாக ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1915-ல் சிப்பி என்ற அமெரிக்க மருத்துவர் குடற்புண்ணுக்குப் பாலும் காரமும் மணிக்கணக்கில் கொடுத்த முறையில் இந்தக் கோளாறு தெரியவந்தது. பால்-காரக் கோளாறு என்ற பெயர் அதனால்தான். சுண்ணாம்பு வெற்றிலையால் அதே கோளாறு வந்தவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

கபடிப் பயிற்சியாளர், பேராவூரணி

ஆட்டத்துக்கு முன்னாடி சோடா குடிச்சா மூச்சு வாங்காதுன்னு பசங்க பேசிக்கிறாங்க. உண்மையா?

அவசரப் பிரிவு மருத்துவர், திருவாரூர்

பாதி உண்மை. கடுமையான குறுகிய நேர முயற்சியில் தசையில் சேரும் அமிலத்தைத் தாங்க உதவும் என்று ஆய்வுகள் உண்டு. அந்த ஆய்வுகளின் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.3 கிராம், ஆட்டத்துக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன்பு. 60 கிலோ பையனுக்கு 0.3 என்றால் 18 கிராம், கிட்டத்தட்ட நான்கு டீஸ்பூன். அதில் சோடியம் மட்டும் ஏறக்குறைய 5 கிராம். வயிற்றுவலி, வாந்தி, பேதி சாதாரணம். மே மாத வெயிலில் ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் இது விளையாட்டில்லை. ஊர்ப் போட்டிக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். பதினெட்டு வயதுக்குக் கீழே கேட்கவே வேண்டாம்.

செவிலியர், நாகப்பட்டினம்

ஊசி பத்தி யாரும் எழுதலை. நம்ம ஊர்ல கிடைக்கிறது பெரும்பாலும் 7.5 சதவீதம், 10 மில்லி ஆம்பூல்ல 9 மி.ஈ. கிட்ட. இரத்தத்தோட அடர்த்தியைப் போல ஆறு மடங்கு. நரம்புக்கு வெளியே கசிஞ்சா தசை அழுகிடும், அதனால சின்ன நரம்புல தள்ளக்கூடாது, ஊசி உள்ளேதான் இருக்கான்னு சலைன் விட்டுப் பார்த்துட்டுப் போடணும். கால்சியம் குளுக்கோனேட் போன அதே குழாயில சோடாவை விட்டா வெள்ளையா உறைஞ்சு அடைச்சுக்கும். அட்ரினலின், நார்அட்ரினலினோட சேர்ந்தா அந்த மருந்து வீரியம் இழக்கும். நடுவுல சலைன் விட்டுக் கழுவணும். மெதுவா ஏத்த 150 மி.ஈ. ஒரு லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்ல கலக்கச் சொன்னா, கிட்டத்தட்ட 17 ஆம்பூல் வரும். அந்த 170 மில்லியை முதல்ல பாட்டில்ல இருந்து எடுத்துட்டுக் கலக்கணும், இல்லாட்டி அடர்த்தி மாறிடும்.

அவசரப் பிரிவு மருத்துவர், திருவாரூர்

துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது என்பதை நான் சேர்க்கிறேன். இதயம் நின்றவருக்கு எல்லாம் வழக்கமாகப் போடுவது பழைய பழக்கம், இப்போது பரிந்துரை இல்லை. பொட்டாசியம் எகிறி அமிலமும் கூடியிருந்தால், சில மனச்சோர்வு மாத்திரைகள் அளவு மீறி ஈ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். (இதயத்தின் கீழறைகள் துடிப்பதைக் காட்டும் அலை) அகன்றிருந்தால் கிலோவுக்கு 1 முதல் 2 மி.ஈ., உடனே. சர்க்கரை நோயாளியின் கீட்டோ அமிலத்துக்கு இன்சுலினும் திரவமும்தான் மருந்து, பி.எச். 7-க்குக் கீழே போனால் மட்டுமே சோடாவை யோசிப்போம். மெத்தனால் கலந்த சாராயத்தில் கடும் அமிலம் சேரும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே சோடா துணை மருந்துதான். நஞ்சு மாறுவதைத் தடுக்கும் மருந்தும் டயாலிசிஸும்தான் உயிர் காக்கும். பார்வை மங்கலாகத் தெரிகிறது என்று சொல்பவருக்கு வீட்டில் சோடா கரைத்துக் கொடுத்து நேரத்தை இழக்க வேண்டாம்.

சுகாதாரத் தன்னார்வலர், திருத்துறைப்பூண்டி

இன்னும் ரெண்டு கேள்வி. பேதிக்கு உப்பு-சர்க்கரைத் தண்ணியில ஒரு சிட்டிகை சோடா போடுற பழக்கம் இருக்கு, சரியா? அப்புறம், சோடாவும் எலுமிச்சையும் புற்றுநோயைக் குணமாக்கும்னு வாட்ஸ்அப்ல சுத்துதே?

மருந்தாளுநர், கும்பகோணம்

பழக்கம் ஆதாரமில்லாம வரலை. 1975-ல வந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துல லிட்டருக்கு 2.5 கிராம் சோடா இருந்தது. ஈரத்துல அது குளுக்கோஸோட சேர்ந்து பழுப்பாகிக் கெட்டுப்போனதால 1984-ல சோடாவுக்குப் பதிலா டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் வந்தது. இப்ப இருக்கிற 2002 பொட்டலத்துல அதோட உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். எல்லாம் சரியா ஒரு லிட்டருக்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாக் கிடைக்கும்போது வீட்டுல சிட்டிகைக் கணக்குல சோடா சேர்க்கிறது தேவையில்லை. கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், சோடியம் ஏறி வலிப்பு வரும். அஞ்சு வயசுக்குக் கீழ எந்தக் காரணத்துக்கும் டாக்டர் சொல்லாம சோடா கிடையாது.

வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி

வாட்ஸ்அப் செய்திக்கு: ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நுரையீரலாலும் சிறுநீரகத்தாலும் நிறுத்தி வைக்கப்படுகிறது. குடித்த சோடாவைச் சிறுநீர் வழியே உடல் வெளியேற்றிவிடும். கட்டியைச் சுற்றியுள்ள அமிலத்தை ஸ்பூனால் மாற்ற முடியாது. எலுமிச்சையைப் பிழிந்தால் டம்ளரிலேயே சோடா சிட்ரேட்டாக மாறிவிடுகிறது. இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் இழப்பது குணமாகும் காலத்தை.

டயாலிசிஸ் செவிலியர், தஞ்சாவூர்

குறிப்பு எழுதும்போது "கூடாதவர்கள்" பட்டியலைப் பெரிய எழுத்துல போடுங்கம்மா: பிரஷர், இதய நோய், கால் வீக்கம், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல்ல நீர் கோத்தவர், கர்ப்பிணி, அஞ்சு வயசுக்குள்ள குழந்தை, உப்பு குறைக்கச் சொன்னவர். விழுங்கச் சிரமம், கருப்பா மலம், ரத்த வாந்தி, காரணமில்லாம எடை குறையுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் சோடாவை நிறுத்திட்டு எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பணும். அச்சடிக்கிறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை போடுங்க, அளவுகளைச் சரிபார்த்துத் தர்றோம்.

சுகாதாரத் தன்னார்வலர், திருத்துறைப்பூண்டி

போடறேங்க அக்கா. ஸ்பூன் படம் ஒண்ணும் சேர்க்கிறேன், தலை தட்டினது ஒரு பக்கம், குவிச்சது ஒரு பக்கம், அடியில கிராம் எழுதி.